ஏழாம் மாதத்தில் ஒரு நீர்யானை: உத்திரமேரூரிலிருந்து வண்டலூருக்கு ஒரு நாள்

இந்தப் பதிவு எங்கள் பக்கத்து ஊர்களிலிருந்து வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் போக நினைப்பவர்களுக்கு. அதிலும் வீட்டில் வாயும் வயிறுமாக ஒரு பெண் இருந்து, அவளைக் கூட்டிப் போகலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்களுக்கு. போகலாம். நாங்கள் போய் வந்தோம். எப்படிப் போனோம், எங்கே மாட்டிக்கொண்டோம், என்னென்ன பார்க்கலாம், என் அம்மாவின் சட்டப்படி எதையெல்லாம் பார்க்கவே கூடாது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் காரணம். என் தங்கை சுகந்திக்கு இது ஏழாம் மாதம். அவளும் அவள் வீட்டுக்காரரும் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள். இப்போது அவள் மட்டும் லீவு போட்டுவிட்டு அம்மா வீட்டில் இருக்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு குழந்தை ஐந்தாம் மாதத்தில் தங்காமல் போய்விட்டது. இந்த முறை எல்லாம் நன்றாக இருக்கிறது என்று டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும் சொல்கிறார். சுகந்திதான் நம்பவில்லை. எதைக் கேட்டாலும் "அடுத்த ஸ்கேன் வரட்டும்" என்பாள். தொட்டில் கயிறு வாங்கலாமா? அடுத்த ஸ்கேன் வரட்டும். பழைய புடவையைக் கிழித்துத் துணி எடுத்து வைக்கலாமா? அடுத்த ஸ்கேன் வரட்டும். வளைகாப்பு என்று அம்மா ஆரம்பித்தாலே எழுந்து வெளியே போய்விடுவாள். அந்தக் குழந்தை பிறக்கும், வளரும், எங்களோடு இருக்கும் என்ற பேச்சையே அவள் வீட்டுக்குள் விடவில்லை. பயம் எங்களுக்கும் இருந்தது. ஆனால் ஒருத்தி இப்படி வாயை மூடிக்கொண்டு ஏழு மாதம் சுமப்பதைப் பார்க்க எனக்கு மனசு தாங்கவில்லை.

மாசமாக இருக்கும் பெண் ஆசைப்பட்டதைக் கொடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் மாற்ற முடியாத விதி. அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். வேலை முடிந்து வரும்போதே வரப்பில் நின்று போன் செய்து "வாய்க்கு இன்னா கேக்குது" என்று கேட்பார். இவள் ஒன்றும் வேண்டாம் என்பாள். மாங்காய் வேண்டாம், கருவாடு வேண்டாம், நாவல் பழமும் வேண்டாம். பொங்கல் முடிந்த மறுவாரம் ஒரு சாயங்காலம், செல்போனில் ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமல் சொன்னாள்: "நீர்யானைய நேர்ல பாக்கணும்க்கா."

அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டார். "இன்னாடி இது, மீன் கேப்ப, மாங்கா கேப்பன்னு பாத்துக்கினு கீறேன், மிருகத்தக் கேக்குற" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "உயிர் காலேஜுல கீதா அது?" என்று கேட்டார். சென்னை உயிரியல் பூங்காவை அந்தக் காலத்தில் 'உயிர் காலேஜ்' என்றுதான் சொல்வார்கள். அம்மா இன்னும் விடவில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கி, பிறகு பல வருடம் சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்து, எண்பதுகளில் வண்டலூர் காட்டுக்கு மாறிய பூங்கா இது. நாட்டிலேயே மிகப் பழையவற்றில் ஒன்று. பரப்பளவும் சாதாரணமில்லை, ஆயிரத்து நானூறு ஏக்கருக்கு மேல் என்கிறார்கள்.

அடுத்த சிக்கல் தேதி. வளைகாப்பு போட்ட பெண் குழந்தை பிறக்கும்வரை ஆறு தாண்டக் கூடாது என்பார்கள். எங்கள் ஊரிலிருந்து வண்டலூர் போக வேண்டுமென்றால் பாலாற்றைத் தாண்டியே ஆக வேண்டும். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கும் அதே ஆற்றைத்தானே தாண்டுகிறோம் என்று கேட்டேன். "ஆஸ்பத்திரிக்குப் போறவங்கள ஆறு ஒண்ணும் பண்ணாது" என்றார் அம்மா. சுகந்தி வளைகாப்புக்கு இன்னும் சம்மதிக்கவே இல்லை. ஆனால் அம்மா மனசுக்குள் நாள் குறித்துவிட்டார் போல. போவதென்றால் இந்த வாரமே போயாக வேண்டும் என்று முடிவானது. செவ்வாய்க்கிழமை நல்ல காரியத்துக்குக் கிளம்பக் கூடாது என்றார். செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கும் விடுமுறை. என் அம்மாவும் பூங்கா நிர்வாகமும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். புதன்கிழமை என்று வைத்தோம். டாக்டரம்மாவிடம் கேட்டதற்கு, "தாராளமா போங்க, நிறைய நடக்க வேண்டாம், தண்ணி குடிச்சுக்கிட்டே இருக்கணும்" என்றார்.

இனி வழி. பஸ்ஸில் போகிறவர்கள் உத்திரமேரூரிலிருந்து செங்கல்பட்டுக்குப் பஸ் பிடித்து, அங்கிருந்து தாம்பரம், கடற்கரை பக்கம் போகும் மின்சார ரயிலில் வண்டலூரில் இறங்கலாம். ரயிலில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. ஸ்டேஷனிலிருந்து பூங்கா வாசலுக்கு நடந்தே போய்விடலாம், வெயிலாக இருந்தால் ஷேர் ஆட்டோ. வாலாஜாபாத்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள், அவர்களுக்குச் செங்கல்பட்டு வரை ரயிலே உண்டு. நாங்கள் சுகந்திக்காக வண்டி வைத்துக்கொண்டோம். எங்கள் தெருவில் இருக்கும் பார்த்திபன் பழைய ஆம்னி வேன் ஓட்டுகிறார். அம்மாவைப் பெரிம்மா என்று கூப்பிடுவார்.

காலை ஏழரைக்குக் கிளம்பினோம். புதன்கிழமை ராகு காலம் மதியம்தான் என்பதால் அந்தத் தொல்லை இல்லை. படாளம் வழியாகப் போய் ஜி.எஸ்.டி. ரோட்டைப் பிடித்து, மாமண்டூர் பாலத்தில் பாலாற்றைத் தாண்டி, செங்கல்பட்டு, சிங்கப்பெருமாள் கோயில், கூடுவாஞ்சேரி என்று வண்டலூர். வண்டி மீட்டரில் அறுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகக் காட்டியது. சாதாரணமாக ஒன்றரை மணி நேரம். எங்களுக்கு இரண்டே கால் மணி நேரம் ஆனது. ஒவ்வொரு வேகத்தடைக்கும் அம்மா முன்கூட்டியே "நைனா, மேடு கீது" என்று குரல் கொடுத்தார். மேடு இல்லாத இடத்திலும் கொடுத்தார். சிங்கப்பெருமாள் கோயில் தாண்டியதும் பார்த்திபன், "பெரிம்மா, பின்னாடி வர்ற மாட்டு வண்டிக்காரன்கூட ஹாரன் அடிக்கிறான்" என்றார். "அவனுக்கு இன்னா அவசரமோ, நீ வழி வுட்டுரு" என்று அம்மா சொல்லிவிட்டார். சுகந்தி ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போதே பாதி சந்தோஷம் வந்துவிட்டது.

டிக்கெட்டை முந்தின நாளே செல்போனில் எடுத்துவிட்டேன், கவுன்டர் வரிசையில் சுகந்தி நிற்கக் கூடாது என்று. நாங்கள் போனபோது பெரியவர்களுக்கு இருநூறு ரூபாய். விலை மாறலாம், நீங்கள் போகும்போது ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் கவர் எதையும் உள்ளே விடமாட்டார்கள் என்று வீட்டிலேயே சொல்லியிருந்தேன். அம்மாவும் புளிச்சோற்றை எவர்சில்வர் தூக்கில்தான் கட்டியிருந்தார். அதனால் பை சோதிக்கும் இடத்தில் நான் நிமிர்ந்த தலையோடு போய் நின்றேன்.

அங்கே இருந்த காவலர் அம்மா எங்கள் ஒயர் கூடைக்குள் கையை விட்டார். தூக்கு வந்தது. தண்ணீர் பாட்டில் வந்தது, அதுவும் எவர்சில்வர்தான். பிறகு ஒரு துணிச் சுருட்டு வந்தது. பிரித்தால் உள்ளே ஒரு கருக்கரிவாள். நெல் அறுக்கிற, பல் வைத்த அரிவாள்.

காவலர் அம்மா அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா, புலி கூண்டுக்குள்ள போறீங்களா?" என்று கேட்டார்.

"இரும்பும்மா" என்றார் அம்மா, சர்வ சாதாரணமாக. "வாயும் வயிறுமா கீற பொண்ண இவ்ளோ தூரம் இஸ்துகினு வந்துக்கீறோம். காத்து கருப்பு அண்டக் கூடாதுல்ல. வூட்ல ஆணி ஒண்ணும் கைல கெடைக்கல. இத்த எட்தாந்தேன்."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். எனக்குத் தரைக்குள் போய்விடலாம் போலிருந்தது. மாசமான பெண் தொலைதூரம் போனால் ஒரு துண்டு இரும்பு கூட இருக்க வேண்டும் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதை இப்படி ஒரு ஆயுதமாகக் கொண்டுவருவார் என்று யார் கண்டது? அரிவாளை வண்டியில் வைத்துவிட்டு வரச் சொன்னார் காவலர் அம்மா. அரிவாள் இல்லாமல் பெண்ணை உள்ளே அனுப்ப மாட்டேன் என்றார் என் அம்மா. அரிவாளோடு யாரையும் உள்ளே விட முடியாது என்றார் அவர். கடைசியில் அவரே சுகந்தியின் வயிற்றைப் பார்த்துவிட்டு, "சாவியும் இரும்புதானேம்மா, அத இடுப்புல சொருகி வுடுங்க" என்று வழி சொன்னார்.

அம்மா என் வீட்டுச் சாவியை வாங்கிக் கையில் எடைபோட்டுப் பார்த்தார். "சின்ன சாவியெல்லாம் ஆவாது" என்றார். எங்களிடம் இருந்ததிலேயே கனமான கொத்து பார்த்திபனுடைய வண்டிச் சாவிதான். அதில் அவர் வீட்டுச் சாவி, பீரோ சாவி, போர் செட் ஷெட்டின் சாவி எல்லாம் கிடந்தன. அரிவாளை வண்டியில் வைத்துப் பூட்டி, கொத்தைச் சுகந்தி இடுப்பில் சொருகினோம். வண்டியிலேயே படுத்துத் தூங்கலாம் என்று தலையணையோடு வந்திருந்த பார்த்திபனுக்குத் தூங்க இடமில்லாமல் போனது. "இன்னா பெரிம்மா இது, பேஜாரா போச்சு" என்று முனகிக்கொண்டே அவரும் ஒரு டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்தார். அவர் வந்ததும் நல்லதுக்குத்தான், கூடை தூக்க ஆள் கிடைத்தது.

உள்ளே பேட்டரி வண்டி உண்டு, அதற்குத் தனிக் கட்டணம். மாசமானவர்களும் முட்டிவலிக்காரர்களும் யோசிக்காமல் எடுத்துவிடுங்கள், பூங்கா அவ்வளவு பெரியது. நாங்கள் முதலில் கொஞ்ச தூரம் நிழலில் நடந்துவிட்டுப் பிறகு வண்டி ஏறலாம் என்று நினைத்தோம். எங்கள் போதாத காலம், கொஞ்ச தூரத்திலேயே குரங்குகள் வந்துவிட்டன.

குரங்கை மாசமான பெண் பார்க்கக் கூடாது. பார்த்தால் குழந்தைக்கு அந்த முகம் வரும். அம்மா முந்தானையை இரண்டு கையாலும் விரித்துச் சுகந்தியின் முகத்துக்குப் பக்கத்தில் திரை மாதிரி பிடித்துக்கொண்டு நடந்தார். சிங்கவால் குரங்கு, கருங்குரங்கு, இன்னும் பெயர் தெரியாத எத்தனையோ. நான் எல்லாவற்றையும் நின்று பார்த்தேன். அம்மாவும் பார்த்தார், முந்தானைக்கு மேலே எட்டி எட்டி. "ஐயோ, இது அப்டியே நம்ம மேஸ்திரி கணக்கா கீதுடி" என்றார். சுகந்தி, "யாரும்மா, காட்டும்மா" என்று முந்தானையை இழுத்தாள். கேமராவும் கையுமாக வந்த ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் மூடநம்பிக்கைம்மா" என்று ஆரம்பித்தார். அம்மா அவர் முகத்தை நிதானமாகப் பார்த்தார். "உங்கம்மா பாக்கல போல கீது. நல்லாத்தான் பெத்துக்கீறாங்க" என்றார். அந்த மனிதர் சிரித்துவிட்டார், வேறென்ன செய்வார்.

பறவைகள் பக்கம் எந்தத் தடையும் இல்லை. மயிலைப் பார்த்தால் குழந்தை அழகாகப் பிறக்குமாம். மயில் முன்னால் கொஞ்ச நேரம் நிற்கவே வைத்துவிட்டார். ஆனால் நாரைகளைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் வந்தது. வேடந்தாங்கல் எங்களுக்குப் பக்கம். கார்த்திகை, மார்கழியில் இந்தப் பறவைகள் எங்கள் ஏரியிலும் வயலிலும்தான் இருக்கும். "களையெடுக்கச் சொல்லோ என் பின்னாடியே நடந்துக்கினு வரும் இது. இத்தப் பாக்கவா டிக்கெட்டு?" என்று கேட்டார். அந்த நேரத்தில் ஒரு நாரை பறந்து வந்து வேலிக்கு வெளியே உட்கார்ந்தது. அது பூங்காவுடையதா, சும்மா வந்ததா என்று பார்த்திபனும் அம்மாவும் பேட்டரி வண்டி ஏறும்வரை வாதாடினார்கள்.

வண்டியில் போகும்போது வெள்ளைப் புலியைப் பார்த்தோம். அப்பா, என்ன ஒரு அழகு! நான் இதற்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒருமுறை வந்திருக்கிறேன். அப்போது புலி தூங்கிக்கொண்டிருந்தது, முதுகைத்தான் பார்த்தேன். இந்த முறை அது எழுந்து அகழியின் ஓரமாக முழு நீளத்துக்கும் நடந்து காட்டியது. முப்பத்தாறு வயதில் வண்டிக்குள் நின்றுகொண்டு குழந்தை மாதிரி கைதட்டினேன், வெட்கமே இல்லை. யானையைப் பார்த்தபோது அம்மா கும்பிட்டார். சிங்க சஃபாரிக்குத் தனி வண்டி, குலுங்கினால் வம்பு என்று நாங்கள் போகவில்லை. மற்றவர்கள் போய்ப் பார்க்கலாம்.

பாம்புகள் இருக்கும் கட்டடத்துக்கு முன்னால் இறங்கினோம். இங்கே அம்மாவின் சட்டம் வேறு மாதிரி. மாசமான பெண் பார்த்தால் பாம்புக்குக் கண் போய்விடும். இவளுக்கு ஒன்றும் ஆகாது, பாம்புக்குத்தான் ஆபத்து. "வாயில்லாத ஜீவன், அத்த ஏன் கெடுப்பானேன்" என்று சுகந்தியை வெளியே மரத்தடி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, என்னைக் காவலுக்கு விட்டுவிட்டு, பார்த்திபனைக் கூட்டிக்கொண்டு அம்மா உள்ளே போனார். போனவர் லேசில் வரவில்லை.

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் சுகந்தி தானாகப் பேசினாள். "க்கா, போன தடவ நாலாம் மாசமே பேரு பாத்து வெச்சிருந்தேன். பையன்னா ஒண்ணு, பொண்ணுன்னா ஒண்ணு. உன்கிட்ட கூட சொல்லல."

காய்ந்த இலை ஒன்றை எடுத்து மடித்துக்கொண்டே தொடர்ந்தாள்.

"அதுக்கப்பறம் அந்தப் பேர யாரு கூப்ட்டாலும் எனக்கு நெஞ்சு அடைக்குது. கம்பெனில ஒருத்தி புள்ளைக்கு அதே பேரு. அதனாலதான் இந்த வாட்டி எதையும் யோசிக்கறதில்ல. ஸ்கேனு டு ஸ்கேனு. அதுக்கு மேல யோசிச்சா பயமா கீதுக்கா. வளகாப்பு போட்டுக்கினு, ஊரையே கூட்டி சோறு போட்டு, அப்பறம் ஏதாவது ஆச்சுன்னா அந்த வளையல நான் எப்டி கழட்டுவேன்?"

"வளையல் வேணாம்னா வேணாம், நான் அம்மாகிட்ட பேசிக்கிறேன்" என்று மட்டும் சொன்னேன். அழுகை வந்தது, தண்ணீர் குடிக்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதற்குள் அம்மா கண்ணெல்லாம் மின்ன வெளியே வந்தார். "மலப்பாம்பு ஒண்ணு கீதுடி, நம்ம போர் செட்டு பைப்பு கனம். அசையவே மாட்டேங்குது, செத்துடுச்சோன்னு பாத்தா நாக்க நீட்டுது" என்று கையை விரித்துக் காட்டினார். பார்த்திபன் முகம் வெளுத்திருந்தது. அவருக்குப் பாம்பென்றால் ஆகாதாம், அதைப் பாம்புக் கட்டடத்துக்குள் போன பிறகுதான் சொன்னாராம்.

மரத்தடியிலேயே புளிச்சோறு சாப்பிட்டோம். பிறகு நீர்யானை.

நீர்யானை பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். மதிய வெயிலில் போனால் அது தண்ணீருக்குள்தான் இருக்கும். நாங்கள் போனபோது பச்சைக் குட்டையில் இரண்டு மூக்குத் துளையும் கொஞ்சம் முதுகும்தான் தெரிந்தன. எருமை படுத்திருக்கிற மாதிரி. கொஞ்ச நேரம் நின்றோம். மூக்கு உள்ளே போனது, இன்னொரு இடத்தில் வெளியே வந்தது. அவ்வளவுதான். "இதுக்கா ஆறு தாண்டி வந்தோம்" என்றார் அம்மா. பேட்டரி வண்டி எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. போகலாமா என்று கேட்டேன். சுகந்தி கம்பியைப் பிடித்துக்கொண்டு, "வரும்" என்றாள். ஏழு மாதத்தில் அவள் வாயிலிருந்து 'வரும்' என்று நிச்சயமாக வந்த முதல் வார்த்தை அதுதான் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் தோன்றியது.

அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஊழியர் ஒருவர் புல்லும் கீரையுமாகத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து கரையில் கொட்டினார். தண்ணீர் குலுங்கியது. முதலில் தலை, பிறகு கழுத்து என்று சொல்ல முடியாத ஒரு கழுத்து, பிறகு ஒரு வயிறு. அந்த வயிறு வந்துகொண்டே இருந்தது. நான் இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நினைக்கவே இல்லை. அது ஒரு அவசரமும் இல்லாமல் நாலு குட்டைக் காலில் ஆடி ஆடிக் கரை ஏறி, வாயைத் திறந்தது. அந்த வாய்க்குள் பார்த்திபனையும் கூடையையும் சேர்த்து வைக்கலாம். சுற்றி நின்ற கூட்டம் முழுவதும் "ஓ" என்றது. அதன் பின்னாலேயே குட்டி ஒன்று, தாயின் வயிற்றை உரசிக்கொண்டு, வழுக்கி வழுக்கி மேலே ஏறியது.

சுகந்தி சிரிக்க ஆரம்பித்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, மூச்சு வாங்கச் சிரித்தாள். "க்கா, அது நடக்கறதப் பாரேன். என்ன மாதிரியே கீது. யாருக்காவது கவலப்படுதா பாரு" என்றாள். பிறகு ஊழியரைக் கூப்பிட்டு, "அண்ணா, இது எத்தன மாசம் சுமக்கும்?" என்று கேட்டாள்.

"எட்டு மாசம்மா" என்றார் அவர்.

"எட்டா? இவ்ளோ பெரிய ஒடம்புக்கு எட்டுதானா? எனக்கு மட்டும் பத்து மாசமா?" என்றவள், அம்மா பக்கம் திரும்பி, "இதுக்கு யாருமா வளகாப்பு போட்டாங்க?" என்று கேட்டாள்.

"அது கைக்கு வளையல் ஏறுமா, மொதல்ல அத்தச் சொல்லு" என்றார் அம்மா.

அந்த நேரத்தில் நீர்யானை கனைத்தது. அதைக் கனைப்பு என்பதா, டிராக்டர் ஸ்டார்ட் ஆகிற சத்தம் என்பதா தெரியவில்லை, தரையே அதிர்ந்தது. சுகந்தி சட்டென்று வயிற்றைப் பிடித்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. அவள் என் கையை இழுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்தாள். உள்ளே ஒரு உதை. இன்னொன்று. "அதுக்கும் கேட்டுடுச்சு போல" என்றாள். அதுவரை அவள் வயிற்றை என்னைத் தொடவிட்டதில்லை. அம்மா ஓடிவந்து அவரும் கையை வைத்தார். மூன்று பேரும் அப்படியே நின்றோம். நீர்யானை எங்களைக் கண்டுகொள்ளாமல் கீரையைத் தின்றுகொண்டிருந்தது. நான் இவ்வளவு சந்தோஷமாக இருந்து ரொம்ப நாள் ஆகிறது.

கடைசியாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருப்பதால் குறிப்புகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன். காலை ஒன்பது மணிக்கு வாசலில் இருப்பது மாதிரி வாருங்கள், வெயில் ஏறுவதற்குள் பாதி முடித்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமையும் காணும் பொங்கலும் வேண்டவே வேண்டாம். செருப்பு பழகினதாக இருக்கட்டும். கழிவறை எங்கே இருக்கிறது என்று நுழையும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், மாசமானவர்களுக்கு அது புலியை விட முக்கியம். பேட்டரி வண்டியில் ஏறும்போது எங்கே இறங்கலாம், திரும்ப எங்கே ஏறலாம் என்று ஓட்டுநரிடமே கேளுங்கள். நாங்கள் கேட்காமல் விட்டதால் நீர்யானையிலிருந்து கொஞ்ச தூரம் வெயிலில் நடந்து, மூன்று இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்தோம். நீர்யானையிடம் பொறுமையாக நில்லுங்கள், தீனி போடும் நேரத்தை ஊழியர்களிடம் கேட்டால் சொல்வார்கள். இரும்பு வேண்டுமென்றால் சாவி போதும்.

வாசலுக்கு வெளியே வந்தபோது மணி நாலரை இருக்கும். பார்த்திபன் சாவிக் கொத்தை வாங்கிக்கொண்டு வண்டி எடுக்கப் போனார். நாங்கள் மூன்று பேரும் டிக்கெட் கவுன்டர் பக்கத்து நிழலில் நின்றோம். நான் போட்டோக்களைத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா காலிக் கூடையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறிக்கொண்டிருந்தார். சுகந்தி அண்ணாந்து கட்டணப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"க்கா, அஞ்சு வயசுக்குள்ள டிக்கெட்டே கெடையாதாம்" என்றாள்.

நான் "ஆமாம்" என்றேன், போனைப் பார்த்தபடியே.

"அப்போ நாலு வயசுல கூட்டிக்கினு வந்துடணும். அதுக்கு முன்னாடி வந்தா பாத்தது ஞாபகம் இருக்காது. அஞ்சு ஆயிட்டா டிக்கெட்டு கேப்பாங்க."

நான் போனை இறக்கினேன். அவள் இன்னும் பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா கூடையை உதறுவதை நிறுத்திவிட்டார். பேசினால் கெட்டுவிடும் என்று எனக்குப் பயமாக இருந்தது. வேன் வந்து நின்றது. அம்மா அதன் ஜன்னலில் தலையை விட்டு, யாரையும் பார்க்காமல், பார்த்திபனிடம் கேட்டார்: "நைனா, செங்கல்பட்டுல வளையல் கட எத்தினி மணி வரைக்கும் தொறந்திருக்கும்?"

"எட்டு மணி வரைக்கும் இருக்கும் பெரிம்மா" என்றார் பார்த்திபன்.

சுகந்தி ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறி உட்கார்ந்தாள். தன் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கை வீங்கிக் கீதும்மா" என்றாள். "ரெண்டரை சைஸ் கேளு."